ஓடுபாதையின் நிலையைப் பதிவு செய்வது எப்படி? புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் 2009ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்த பிறகு, சிவில் டிப்ளமோ முடித்த இந்தப் பகுதி இளைஞர்கள் பலர் விமான நிலைய வேலைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஓடுபாதையைப் போட்ட பிறகு அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி. பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. பார்த்ததை, மூன்று ஆண்டு கழித்து வரும் வேறொருவர் அதே இடத்தில் நின்று ஒப்பிடக்கூடிய வகையில் எழுதி வைப்பதே இந்த வேலையின் சாரம். எந்த இடத்தில் எப்போது எவ்வளவு பணம் செலவிட வேண்டும் என்று பின்னால் முடிவெடுப்பவர்கள் உங்கள் தாளை நம்பித்தான் எடுப்பார்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கடற்படைத் தளம் பயிற்சிக்கான இடமன்று. அதன் வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பதும், அந்தப் பக்கம் டிரோன் பறக்க விடுவதும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். பயிற்சிக்குத் தார்த் தளம் ஒன்றும் கான்கிரீட் தளம் ஒன்றும் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுத் துண்டு ஏதேனும் உங்கள் ஊரருகே இருந்தால் தாருக்கு அதுவே நல்ல பள்ளிக்கூடம். கான்கிரீட்டுக்கு மூக்கையூர் போன்ற மீன்பிடித் துறைமுகத்தின் தளமோ, ஊர்க் கருவாட்டுக் களமோ உதவும். உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஏலம் முடிந்து ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு போக வேண்டும். வாகனம் ஓடும் சாலையில் நாடா பிடிக்க வேண்டாம்.

மேசையில் தொடங்கும் வேலை

உலகின் பல விமான நிலையங்களில் தளத்தின் நிலையை நூறுக்கு இத்தனை என்று ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். பி.சி.ஐ. எனப்படும் இந்தத் தள நிலைக் குறியீடு 1970களில் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. விமான நிலையத் தளங்களுக்கு ஏ.எஸ்.டி.எம். டி 5340 என்ற தரநிலையும், சாலைகளுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் டி 6433 என்ற தரநிலையும் இதற்கு வழிமுறை வகுக்கின்றன. இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பதால், சாலை வேலையிலிருந்து வருபவர்கள் பழைய புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அது தவறு; ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

களத்துக்குப் போகுமுன் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டு எந்தப் பகுதி போடப்பட்டது, அடியில் என்னென்ன அடுக்குகள் எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் உள்ளன, மேலே மறுபூச்சு எப்போது நடந்தது, நீட்டிப்பு எந்த இடத்தில் பழைய தளத்தோடு சேர்கிறது என்பவை தெரியாமல் தளத்தைப் பிரிக்க முடியாது. கோப்பு கிடைக்காத இடத்தில் இருபது ஆண்டாக அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் மேஸ்திரியோடு ஒரு டீ குடியுங்கள். எந்த இடத்தில் மழைநீர் தேங்கும், எந்த இடத்தைத் தோண்டிக் கேபிள் புதைத்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

பிரிக்கும் முறை இதுதான். விமான நிலையம் முழுவதும் ஒரு வலைப்பின்னல். ஓடுபாதை, விமானங்கள் அதற்குப் போய்வரும் டாக்சிவே, விமானங்கள் நிற்கும் ஏப்ரன் ஆகியவை அதன் கிளைகள். ஒரே கட்டுமானம், ஒரே வயது, ஒரே அளவு போக்குவரத்து உள்ள பகுதி ஒரு பிரிவு. ஒரே ஓடுபாதையில்கூட சக்கரங்கள் ஓடும் நடுப்பட்டையையும், சக்கரமே படாத ஓரங்களையும் தனித்தனிப் பிரிவுகளாக வைப்பது நல்லது, ஏனெனில் அவை பழுதாகும் விதம் வேறு. ஒவ்வொரு பிரிவையும் மாதிரித் துண்டுகளாக வெட்ட வேண்டும். தாராக இருந்தால் ஒரு துண்டு ஏறத்தாழ 450 சதுர மீட்டர், 180 கூடவோ குறையவோ இருக்கலாம். கான்கிரீட்டாக இருந்தால் மூட்டுகளால் பிரிந்த 20 பலகங்கள், எட்டு கூடவோ குறையவோ இருக்கலாம். பலகத்தின் நீளம் எட்டு மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு கற்பனை மூட்டு இருப்பதாகக் கொண்டு பிரித்து எண்ண வேண்டும்.

எத்தனை துண்டுகளைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. 1,500 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தார் ஓடுபாதையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நடுப்பட்டை 15 மீட்டர் அகலம் என்றால், 30 மீட்டருக்கு ஒரு துண்டாக மொத்தம் 50 துண்டுகள் வரும். தரநிலை தரும் கணக்கில் குறியீட்டின் அனுமதிக்கப்பட்ட பிழை 5 புள்ளி. முதல் ஆய்வில் துண்டுக்குத் துண்டு இருக்கும் விலக்கத்தைத் தாருக்கு 10 என்றும் கான்கிரீட்டுக்கு 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். 50ஐ விலக்கத்தின் வர்க்கமான 100ஆல் பெருக்கினால் 5,000. பிழையின் வர்க்கமான 25ஐ நான்கால் வகுத்து, 50இல் ஒன்று குறைத்து வரும் 49ஆல் பெருக்கி, அதனோடு 100ஐக் கூட்டினால் 406.25. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 12.3, முழு எண்ணாக மேலே ஏற்றி 13 துண்டுகள்.

50ஐ 13ஆல் வகுத்துக் கீழே இறக்கினால் இடைவெளி 3. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். இரண்டு வந்தால் 2, 5, 8 என்று 50 வரை 17 துண்டுகள் கிடைக்கும். பதின்மூன்றுக்கு மேல் நான்கு கூடுதலாகப் பார்ப்பதில் நட்டமில்லை. சீட்டு எதற்கு என்று சிலர் சிரிக்கிறார்கள். சீட்டு இல்லாவிட்டால் நம் கால்கள் தாமாகவே உடைந்த இடத்துக்குப் போகும், அல்லது நிழல் இருக்கும் இடத்துக்குப் போகும்.

சீட்டில் வராத ஒரு துண்டு கண்ணுக்குத் தெரியும்படி மோசமாக இருந்தால் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ‘கூடுதல் துண்டு’ என்று குறித்துத் தனியாக எழுத வேண்டும். அதை மற்றவற்றோடு கலந்து சராசரி எடுத்தால் கணக்கு கெடும். 17 துண்டுகளின் சராசரி 74, கூடுதல் துண்டு 30 என்று வைத்துக்கொண்டால், முறைப்படி அந்த 74 எஞ்சிய 49 துண்டுகளுக்கும், 30 அந்த ஒரே துண்டுக்கும் உரியவை. பிரிவின் குறியீடு 73 ஆகும். வெறுமனே பதினெட்டாகச் சேர்த்து வகுத்தால் ஏறத்தாழ 72 என்று விழும். ஒரு புள்ளிதானே என்று தோன்றும். நாலைந்து கூடுதல் துண்டுகள் சேர்ந்தால் பிரிவே ஒரு தரம் கீழே இறங்கி, செய்யத் தேவையில்லாத வேலைக்கு மதிப்பீடு எழுதப்படும்.

எண்களை எந்த முனையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைத் தாளின் தலையில் எழுதுங்கள். ஓடுபாதைக்கு அதன் காந்தத் திசையை ஒட்டி இரு முனைகளிலும் எண் இருக்கும். ஒரு முனை 09 என்றால் எதிர்முனை 27. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விமான நிலையத்தில், முந்தைய குழு சிறிய எண் உள்ள முனையிலிருந்து எண்ணியிருக்க, நாங்கள் வண்டி நின்ற முனையிலிருந்து எண்ணிவிட்டோம். வலது ஓரத்துப் பழுதெல்லாம் இடது ஓரத்துக்கு மாறி, மூன்று ஆண்டில் விரிசல்கள் தாமாக ஆறிப்போனதாகவும் நல்ல இடங்கள் திடீரென்று நொறுங்கிப்போனதாகவும் அறிக்கை வந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு நாட்கள் மறுபடியும் நடந்தோம்.

உள்ளே நுழைவது

நுழைவு அனுமதிச் சீட்டு, ஒளிரும் மேலங்கி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் பேசும் அதிகாரி கூட இருப்பது, ஓடுபாதை மூடப்படும் நேரத்தை விமானிகளுக்கு முன்கூட்டி அறிவித்திருப்பது ஆகிய நான்கும் இல்லாமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது. வெளியேறு என்ற குரல் வந்தால் நாடாவைச் சுருட்டியபடியே வெளியேற வேண்டும்; பாதி எழுதிய வரியை முடிக்க நிற்கக் கூடாது.

கொண்டுபோகும் பொருட்கள் எளியவை: அளவுச் சக்கரம், 30 மீட்டர் நாடா, 3 மீட்டர் மட்டப்பலகை, பள்ளத்தின் ஆழம் பார்க்கும் ஆப்பு அளவி, விரிசல் அகலம் பார்க்கும் அட்டை, சாக்பீஸ், துடைப்பம், படிவம். இவற்றை எண்ணி எடுத்துச் சென்று எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும். சாக்பீஸ் துண்டுகூட இந்தக் கணக்கில் சேரும். 2000ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்ததற்குத் தொடக்கம், வேறொரு விமானத்திலிருந்து கழன்று ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டை. இப்படிக் கிடக்கும் அந்நியப் பொருளை எஃப்.ஓ.டி. என்று தளத்தில் சொல்வார்கள். வரப்போகும் பகுதியில் இதுதான் முதல் கவலை.

தார்த் தளத்தில் பார்ப்பது

ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று விவரம் எழுத வேண்டும்: அது என்ன வகை, எவ்வளவு கடுமை, எவ்வளவு அளவு. கடுமை மூன்று படி: குறைவு, நடுத்தரம், அதிகம். சாலையில் வந்த பழக்கம் இடறும் இடம் இதுதான். சாலையில் விரிசலின் அகலத்துக்கு முதலிடம் கொடுத்துப் பழகியிருப்பீர்கள். விமானத் தளத்தில் அந்த விரிசலின் ஓரத்திலிருந்து கல் பெயர்ந்து இயந்திரத்துக்குள் போகுமா என்பதே முதல் கேள்வி. நீளவாட்டிலோ குறுக்குவாட்டிலோ ஓடும் நிரப்பாத விரிசல் 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, ஓரம் சிதறாமலும் இருந்தால் கடுமை குறைவு. அதற்கு மேல் அகன்றாலோ ஓரம் ஓரளவு சிதறினாலோ நடுத்தரம். ஓரம் நன்றாக உடைந்து துண்டுகள் தளர்ந்திருந்தால், அகலம் எவ்வளவு என்று பார்க்காமலே அதிகம் என்று எழுத வேண்டும். பூட்ஸ் நுனியால் இடறிப் பாருங்கள். கல் உருண்டால் விடை கிடைத்துவிட்டது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது முதலைத்தோல் விரிசலுக்கும் கட்ட விரிசலுக்கும் இடையில். வெயிலில் வறண்ட கண்மாயின் கரம்பை மண் பாளம்பாளமாக வெடித்திருப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. கட்ட விரிசல் ஏறத்தாழ அதைப் போன்றது. தார் வயதாகி இறுகி, வெப்பத்தில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் 30 சென்டிமீட்டரிலிருந்து 3 மீட்டர் வரையிலான கட்டங்களாகப் பிளவுபடுகிறது. சக்கரம் ஓடாத இடத்திலும் வரும். முதலைத்தோல் விரிசலில் துண்டுகள் சிறியவை, பெரும்பாலும் நீளமான பக்கமே 60 சென்டிமீட்டரைத் தாண்டாது. பலகோண வடிவில் இருக்கும். சக்கரத் தடத்தில் மட்டுமே வரும். கட்ட விரிசல் மேற்பரப்பின் முதுமை, முதலைத்தோல் அடியிலிருந்து வரும் பாரச் சோர்வு. முதலாவதை மேற்பூச்சு காப்பாற்றலாம். இரண்டாவதற்கு அடித்தளம் வரை போக வேண்டியிருக்கும். எனவே இந்த ஒரு பெயரை மாற்றி எழுதினால் செலவு பல மடங்கு மாறும். நாளுக்கு ஓரிரு விமானமே வரும் சிறிய தளங்களில், அதுவும் இந்தக் கடற்கரை வெயிலில், பாரத்தைவிட வானிலையே தளத்தைத் தின்கிறது என்பது என் அனுபவம். ஆகவே சக்கரத் தடத்துக்கு வெளியே ‘முதலைத்தோல்’ என்று எழுதக் கை போனால் ஒருமுறை நிறுத்தி யோசியுங்கள்.

முதலைத்தோல் விரிசலைச் சதுர மீட்டரிலும், நீள, குறுக்கு விரிசல்களை மீட்டரிலும் அளக்க வேண்டும். ஒரே பரப்பில் பல கடுமைகள் பிரிக்க முடியாமல் கலந்திருந்தால் முழுவதையும் மிகக் கடுமையான படியில் எழுதுவது முறை. ஒட்டுப்போட்ட இடத்துக்குள் விரிசல் இருந்தால் அதைத் தனியாக எழுதாமல், ஒட்டின் கடுமையாகவே எழுத வேண்டும். சக்கரத்தடப் பள்ளமும் முதலைத்தோலும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும்.

பள்ளங்களுக்கு மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து ஆப்பு அளவியை நுழையுங்கள். சக்கரத்தடப் பள்ளம் 6 முதல் 13 மில்லிமீட்டர் வரை குறைவு, 25 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆங்காங்கே தளம் அமிழ்ந்திருப்பதற்கு அளவுகள் இடத்தைப் பொறுத்து மாறும்: ஓடுபாதையில் 13 மில்லிமீட்டரைத் தாண்டினாலே நடுத்தரம், ஏப்ரனில் 25ஐத் தாண்ட வேண்டும். வேகமாக ஓடும் சக்கரம் தேங்கிய நீரில் வழுக்கும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். விமானம் தரைதொடும் இடத்தில் டயர் ரப்பர் கறுப்பாகப் படிந்து விரிசலை மறைத்திருக்கும். படிவு இருந்ததைக் குறிப்பில் எழுதுங்கள், ஆனால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம். அது உராய்வுச் சோதனை செய்பவரின் கவலை.

கான்கிரீட்டில்

இங்கே நீளமும் பரப்பும் அளக்க வேண்டியதில்லை; பழுதான பலகங்களை எண்ணினால் போதும். இருபதில் நான்கு பலகங்களில் மூலை முறிந்திருந்தால் 20 விழுக்காடு. மூலை முறிவும் மூலைச் சிதறலும் வேறு வேறு. முறிவு பலகத்தின் முழுக் கனத்துக்கும் செங்குத்தாக இறங்குவது, அடியில் தாங்கல் போனதன் அடையாளம். சிதறல் மூலையிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்குள், சாய்வாக உடைந்து மேலே பெயர்வது. விரிசல்களால் ஒரு பலகம் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளானால் அதை ‘நொறுங்கிய பலகம்’ என்று எழுத வேண்டும். மூட்டு நிரப்பியின் பழுதை மட்டும் பலகம் பலகமாக எண்ணாமல் மாதிரித் துண்டு முழுவதற்கும் ஒரே கடுமையாக மதிப்பிட வேண்டும். நிரப்பி உரிந்த மூட்டில் மணல் இறங்கிக் கெட்டித்துவிட்டால், வெயிலில் விரிய இடமில்லாத பலகங்கள் ஒன்றையொன்று நெருக்கி ஓரம் சிதறும். அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, கடற்கரை விமானத் தளத்தில் மூட்டுகளை ஏன் குனிந்து பார்க்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெயில், மழை, காற்று

நடுப்பகல் வெயிலில் மெல்லிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும், சூரியன் சாய்ந்திருக்கும்போது, விரிசலின் ஓரம் நிழல் விழுத்திக் காட்டிக்கொடுக்கும். சூரியனை நோக்கி ஒருமுறையும் அதை முதுகில் வாங்கி ஒருமுறையும் நடங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒவ்வொரு துண்டையும் துடைப்பத்தால் கூட்டிவிட்டே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் நிறைந்த விரிசல் நல்ல தளமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் ஆதாயம் உண்டு: மழை நின்று அரை மணி நேரத்தில் தளம் காயும்போது, விரிசல்கள் கறுப்புக் கோடுகளாகவும் அமிழ்வுகள் குட்டைகளாகவும் தாமே வரைபடம் போட்டுத் தரும். அப்போது சாக்பீஸால் குட்டையின் எல்லையை வரைந்து வைத்து, காய்ந்த பிறகு ஆழத்தை அளந்துகொள்ளலாம். ஈரமாக இருக்கும்போதே கடுமையை முடிவு செய்ய வேண்டாம். ஈரத்தில் எல்லா விரிசலும் அகலமாகத் தெரியும்.

தாளும் கணக்கும்

ஒருவர் அளக்க, ஒருவர் எழுத வேண்டும். அளப்பவர் சொன்ன எண்ணை எழுதுபவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பிரிவின் பெயர், துண்டின் எண், அளவு, நாள், நேரம், வானிலை ஆகியவை தலையில் வர வேண்டும். படம் எடுத்தால், துண்டின் எண் எழுதிய பலகையை ஓரத்தில் வைத்து எடுங்கள். எண் இல்லாத நூறு படங்கள் யாருக்கும் உதவாது. பழுதைப் பார்க்கும்போதே ‘இங்கே மறுபூச்சு தேவை’ என்று எழுதத் தோன்றும். படிவத்தில் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது; மருந்தை முடிவு செய்துவிட்டு நோயைத் தேடினால் அந்த நோய்தான் கண்ணில் படும்.

அன்று மாலையே அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள். 450 சதுர மீட்டர் துண்டில் 9 சதுர மீட்டர் முதலைத்தோல் என்றால் 2 விழுக்காடு. 36 மீட்டர் விரிசல் என்றால் 8. இந்த அடர்த்தியையும் கடுமையையும் வைத்து, தரநிலையில் அந்தப் பழுதுக்குத் தரப்பட்ட வளைகோட்டிலிருந்து கழிவுப் புள்ளிகளை எடுத்து, பல பழுதுகள் சேர்ந்ததற்கான திருத்தம் செய்து, 100இலிருந்து கழித்தால் குறியீடு வரும். இதைப் பேவர் போன்ற மென்பொருள்கள் செய்துவிடும். ஆனால் முதல் ஐந்து துண்டுகளையாவது கையால் போடுங்கள். எந்தப் பழுது எவ்வளவு கழிக்கிறது என்பது அப்போதுதான் மனத்தில் படியும். மொத்தக் குறியீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவும் கூடாது. 60 என்ற எண்ணுக்குள் பாரத்தால் வந்த பழுது எவ்வளவு, வானிலையால் வந்தது எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டாவிட்டால் அந்த எண்ணால் பாதிப் பயன்தான். தளத்தின் தாங்கு திறனை இந்த எண் சொல்லாது; அதற்குப் பளுவை விழவைத்து அமிழ்வை அளக்கும் கருவி தனியாக வர வேண்டும்.

முதல் நாள் பார்த்த துண்டுகளில் ஒன்றை மறுநாள் காலையில், முதல் தாளைக் காட்டாமல், குழுவின் இன்னொருவரை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். இரண்டு தாள்களும் பெரிதாக வேறுபட்டால் இருவரும் சேர்ந்து அந்தத் துண்டுக்குப் போய், எந்த விரிசலுக்கு யார் என்ன பெயர் வைத்தார் என்று பேசித் தீர்த்த பிறகே அடுத்த பிரிவுக்குப் போக வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதலில், விரிவான ஆய்வு ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். குறியீட்டு முறையில் தொடர்ந்து பதிவு வைத்திருப்பவர்கள் மூன்றாண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். அந்த மூன்றாண்டில் குழுவில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே விமான நிலைய அதிகாரிகள் அனுமதித்தால் ஒவ்வொரு துண்டின் மூலையையும் தளத்தின் ஓரத்தில் சிறிய பெயின்ட் புள்ளியால் குறித்துவிட்டு, துண்டு வரைபடத்தின் ஒரு பிரதியை விமான நிலையத்தின் பொறியியல் பிரிவில் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். உங்கள் மடிக்கணினியில் மட்டும் வைத்துக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள்.